கேட்டால்தான் புல

இப்போது யாராவது மைக்கை என் பக்கம் நீட்டினால் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். தொண்டை சரியில்லை என்று ஒரு பொய்யும் சொல்லி வைக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன்பு நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில், பிரதோஷம்தோறும் தீபாராதனைக்கு முன்னால் அரை மணி நேரத்தை என் வாய்க்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். பகலில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார், சாயங்காலம் கோயிலில் சடங்குகளுக்கு அர்த்தம் சொல்லும் வாத்தியார்.

எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் தயாராக இருக்கும். தேங்காயின் ஓடு ஆணவம், அதை உடைத்தால்தான் உள்ளே இருக்கிற வெள்ளை மனசு தெரியும். கற்பூரம் தனக்கென்று ஒரு துளி சாம்பல்கூட வைக்காமல் எரிந்து தீரும், மனிதனும் அப்படித் தீர வேண்டும். மணியடிப்பது கடவுளை எழுப்ப இல்லை, நம் தலைக்குள் இருக்கிற சந்தையை அடக்க. சிவனை முழுவட்டமாகச் சுற்றாமல், அபிஷேக நீர் வந்து விழுகிற ஓவு வரைக்கும் போய் அப்படியே திரும்பி வருவது எதற்கு? தன் எல்லை எது என்று மனிதனுக்கு ஒரு ஞாபகம் வேண்டும் என்பதற்கு. இந்த இடத்தில் நான் சற்று நிறுத்துவேன். கைதட்டல் வரும்.

புலயைப் பற்றியும் ஒருநாள் பேசினேன். சாவுத் தீட்டை எங்கள் பக்கத்தில் புல என்போம். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் எங்கள் குடும்பத்துக்குப் பதினாறு நாள் கோயில் இல்லை, வீட்டில் விளக்கில்லை, நேர்ச்சை, வேண்டுதல் எதுவும் செல்லாது. கடவுளுக்கு நம்மேல் அருவருப்பு என்று நினைக்காதீர்கள் என்று மைக்கில் சொன்னேன். துக்கப்பட்டவன் அழுது முடிக்கட்டும் என்று முன்னோர்கள் கொடுத்த விடுமுறை அது. அவர்களுடைய கருணையைப் பாருங்கள், தூரதேசத்தில் இருக்கிறவனுக்குச் செய்தி போய்ச் சேரும்வரை தீட்டு கிடையாது. காதில் விழுந்தால்தான் புல. அந்தப் பேச்சை யாரோ போனில் பதிவு செய்து வாட்ஸ்ஆப்பில் அனுப்ப, அது ஊர் முழுக்கச் சுற்றியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருடம் ஆடியில் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள், ஒரே பிள்ளை. மூன்றாம் நாள் காலையில் என்னைப் பார்த்து, ‘நீங்க யாரு?’ என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளைக்காய்ச்சல் என்றார்கள். சாயங்காலத்துக்குள் மூச்சுக்குழாய் போட்டு, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என் மனைவி அந்தக் கதவுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நான் ஊருக்கு வந்து கோயில் தலைமைப் பூசாரியான மேல்சாந்தியின் முன்னால் நின்றேன். அவர் மலையாளி, என்னைவிட இருபது வயது இளையவர், என் பேச்சுகளை மடைப்பள்ளி வாசலில் நின்று கேட்கிறவர். பன்னிரண்டு நாள் பஜனம் இருக்கச் சொன்னார். காலையில் நடை திறக்கும்போதும் சாயங்காலம் தீபாராதனைக்கும் ஈரத்துணியோடு நிற்க வேண்டும், பிள்ளையின் பேருக்கும் பூரம் நட்சத்திரத்துக்கும் தினமும் மிருத்யுஞ்சய அர்ச்சனை, ஒருவேளைச் சாப்பாடு. நடுவில் முறிந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

‘சாருக்கு எல்லாம் அறியாமல்லோ’ என்றார். ஆமாம், எல்லாம் தெரியும்.

ஈரவேட்டியோடு முதல்நாள் காலையில் நின்றபோதுதான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது தெரிந்தது. மணியடித்தார்கள். தலைக்குள் இருந்த சந்தை அடங்கவில்லை. கற்பூரம் எரிந்தது. அது எரிந்து தீர்வதைப் பார்க்கச் சகிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். ஓவு வரை போய்த் திரும்பினேன், மறுபடி போனேன், மறுபடி திரும்பினேன். எல்லை, ஞானம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பிள்ளையைக் கொடு, பிள்ளையைக் கொடு என்று மட்டும் வாய் முனகியது. இதுநாள்வரை மைக்கில் நான் விற்றதெல்லாம் வயிறு நிறைந்தவனுக்கான சரக்கு.

இதற்கிடையில் என் அண்ணன் பூவாரில் செத்துக்கொண்டிருந்தான். இதை இப்படித்தான் எழுத வேண்டும், வேறு மாதிரி எழுதினால் நான் தப்பித்துக்கொள்வேன். ஆறு கடலில் கலக்கிற பொழிமுகத்தில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன். ஈரல் கெட்டுப்போய், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர்கள் ஆனி மாதமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் அவன் கட்டிலில் உட்கார்ந்து வீங்கிய காலைத் தடவிவிட்டு வருவேன். ‘மைக்குக்காரன் வந்தாச்சு’ என்பான். மகளுக்குக் காய்ச்சல் வந்த பிறகு நான் போகவில்லை. எதனால் என்பது அவனுக்கும் தெரியும். என் மனைவி மைனியை, அதாவது அண்ணன் மனைவியை, போனில் கூப்பிட்டு ஆஸ்பத்திரி விஷயத்தையும் பஜன விஷயத்தையும் சொல்லியிருந்தாள்.

நான்காம் நாள் நண்பகலில், திருவனந்தபுரம் ரயிலில் இருக்கும்போது என் போன் அடித்தது. திரையில் ‘அண்ணன்’ என்று தெரிந்தது.

எடுக்கப் போன விரல் பாதியில் நின்றுவிட்டது. அவனால் போனைத் தூக்கிக் காதில் வைக்க முடியாது என்று போன முறையே பார்த்திருந்தேன். அப்படியானால் இது மைனி. மைனி இந்த நேரத்தில் எதற்குக் கூப்பிடுவாள்? ஒன்றுக்குத்தான். எடுத்தால் ஒரு வார்த்தை காதில் விழும், விழுந்த நொடியிலிருந்து பதினாறு நாள். அதன் பிறகு முதலிலிருந்து பன்னிரண்டு. என் பிள்ளைக்கு அத்தனை நாள் இருக்கிறது என்று யார் எனக்குச் சொல்வார்கள்? போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் போனை அணைத்துவிட்டேன்.

திருவனந்தபுரம் ஸ்டேஷன் இருக்கிற தம்பானூரில் இறங்கி ஒரு பட்டன் போனும் புது சிம்மும் வாங்கினேன். அந்த நம்பர் என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அவள் போனை வாங்கி, பூவாரிலிருந்து எந்த அழைப்பும் வராதபடி நானே பூட்டினேன்.

‘உங்களுக்க அண்ணனாக்கும்’ என்றாள் அவள்.

‘தெரியும்.’

‘ஒருவேளை சீவனோட இருந்து விளிக்காருன்னா?’

‘இருந்தா பன்னிரண்டு நாள் கழிஞ்சும் இருப்பாரு’ என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் அந்தக் கதவைத் தவிர வேறு உலகம் இல்லாமல் போயிருந்தது.

ஊரில் செய்தி காதில் விழாமல் நடமாடுவது லேசான காரியமில்லை. எங்கள் பக்கத்தில் செத்தவனைவிடச் செய்தி வேகமாகப் போகும். பேப்பர் போடுகிறவனை நிறுத்தினேன். டீக்கடை இருக்கும் வழியை விட்டு ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து கோயிலுக்குப் போனேன். எதிரில் யாராவது வந்தால் வாய்க்குள் மந்திரம் முணுமுணுத்தபடி தலையைக் குனிந்துகொண்டேன். பஜனம் இருக்கிறவன், பேச மாட்டான் என்று மரியாதையாக விலகினார்கள். விலகியவர்களில் ஒருவர் முகத்திலாவது சாவு தெரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

ஏழாம் நாள் பஸ் நிறுத்தத்தில் என் பள்ளிக்கூடத்துச் சக வாத்தியார் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தினார். பழைய மிஷன் சபைக்காரர். பதினைந்து வருடமாக ஒரே ஸ்டாஃப் ரூம், ஒரே பெஞ்சு. என் மகளுக்காக அவர்கள் சபையில் உபவாச ஜெபம் வைத்தவர். பூவாரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறார் என்று வண்டியில் தொங்கிய பையில் அச்சிட்டிருந்ததிலிருந்து தெரிந்தது.

‘சாரே, ஞான் உங்களுக்க அண்ணன் வீட்டுல கேறினேன். அங்க...’

‘சொல்லாதீங்க!’ என்று கத்தினேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். ஐம்பது வயதில், வேட்டி கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற பத்துப் பேர் முன்னால். அவர் வாய் அசைவது தெரிந்ததும் கண்ணையும் மூடிக்கொண்டேன். ‘ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா எனக்க பிள்ளையைக் கொன்ன பாவம் உங்களுக்காக்கும்’ என்றேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் வண்டி போய்விட்டிருந்தது. கிறிஸ்தவர்களுக்கு, எங்கள் பேச்சில் வேதக்காரர்களுக்கு, புல இல்லை. சாவு வந்தால் அன்றைக்கே கோயிலுக்குள் கொண்டுபோய்ப் பாட்டுப் பாடி ஜெபம் செய்கிறார்கள். முதல்முறையாக அவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது.

அன்றிலிருந்து என் மனதில் அண்ணன் செத்தவன்தான். அந்த நண்பர் வேறு எதைச் சொல்ல நிறுத்தியிருப்பார்? அழுகை வந்தது, அழவில்லை. அழுதால் தெரிந்துகொண்டேன் என்று ஆகிவிடுமே என்று அதற்கும் ஒரு சட்டம் வைத்தேன். ஊகம் செய்தி ஆகாது, காதில் விழவில்லை, ஆகவே புல இல்லை. கோயிலில் ஓவுக்கும் நடைக்குமாகத் திரும்பித் திரும்பி நடக்கையில் இந்த வழக்கை வாதிட்டுக்கொண்டே நடந்தேன். வக்கீலும் நான், ஜட்ஜியும் நான். எட்டாம் நாள் மேல்சாந்தி இலைத்துண்டில் சந்தனத்தை என் கையில் போடும்போது முகத்தை உற்றுப் பார்த்தார்.

‘வீட்டில் வேறே விசேஷம் ஒண்ணும் இல்லல்லோ?’

‘ஒண்ணும் இல்ல’ என்றேன். சந்தனம் குளிர்ச்சி என்று சொல்லியிருக்கிறேன், எத்தனையோ முறை. அன்றைக்கு நெற்றியில் வைத்தபோது எனக்கு எரிந்தது.

ஒன்பதாம் நாள் மகளின் இடது கை விரல்கள் அசைந்தன என்று நர்ஸ் வந்து சொன்னாள். பதினொன்றாம் நாள் கண்ணைத் திறந்தாள். பன்னிரண்டாம் நாள் காலையில் மூச்சுக்குழாயை எடுத்துவிட்டார்கள். என் மனைவி பட்டன் போனில் அழைத்து, பேச வராமல் அழுதாள். மருந்து வேலை செய்ததா, மந்திரம் வேலை செய்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. டாக்டரின் காலிலும் விழுந்தேன், நடையிலும் விழுந்தேன். அன்று சாயங்காலம் கடைசித் தீபாராதனை முடிந்தது. கோயில் மதிலுக்கு வெளியே வந்து, ரோட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்தில் நின்ற பிறகுதான் பழைய போனைப் போட்டேன். அந்த அளவுக்கு எனக்குச் சட்டம் தெரியும்.

அண்ணன் நம்பரிலிருந்து ஆறு குரல் செய்திகள். மைனியின் குரலை எதிர்பார்த்து முதலாவதை அழுத்தினேன். அண்ணனின் குரல் வந்தது.

‘எலே, பிள்ளைக்கு எப்பிடி உண்டு? போனை எடு.’

அடுத்தது மறுநாள். மைனி போனை அவன் வாயருகே பிடித்திருக்க வேண்டும், மூச்சு வாங்குவதுதான் அதிகம் கேட்டது. ‘மக்கா, நீ எதுக்கு எடுக்கல்லேன்னு எனக்குப் புரிஞ்சாச்சு. நான் மரிச்சுப்போனேன்னு நெனச்சிட்டியா? போ சவமே. மரிச்சவன் எப்பிடிலே விளிப்பான்?’ சிரிக்கப் பார்த்து இருமல் பிடித்துக்கொண்டது.

மூன்றாவது: ‘ஒரு காரியம் மட்டும் சொல்லு. என்னைக்கு முடியும் உன் பஜனம்? உன் பொண்டாட்டி சொன்னதை உன் மைனி மறந்துட்டா. நாள் தெரிஞ்சா அதுவரை பிடிச்சுக் கிடப்பேன். அதுக்குள்ள போனா உனக்குப் புலயாகும்லா.’

நான்காவது ஏழாம் நாளில் வந்தது. ‘உனக்க வேதக்கார சாரு வந்திருந்தாரு. என்னைக்கு முடியும்னு உன்கிட்ட கேட்டுச் சொல்லச் சொன்னேன். சொன்னாரா?’

ஐந்தாவதில் பேச்சே இல்லை. கட்டில் கிறீச்சிடுவதும், யாரோ தண்ணீர் ஊற்றுவதும் மட்டும். ஆறாவது, ஒன்பதாம் நாள் பகலில். குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. ‘மக்கா, பயப்படாத. நான் போனாலும் நீயா விளிக்கிறவரை இங்கேருந்து யாரும் உனக்குச் சொல்ல மாட்டாங்க. மைனிகிட்ட சத்தியம் வாங்கியாச்சு. கேட்டாத்தான் புலன்னு நீ மைக்கில சொன்னதுதான். நான் அதை நாலு தடவை கேட்டேனாக்கும்.’

ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். வண்டிகள் போயின. மைனியைக் கூப்பிட்டேன். எடுத்தவுடன் அவள் கேட்ட முதல் கேள்வி, ‘பிள்ளை எப்பிடி இருக்கா?’ என்றுதான். கண் திறந்துவிட்டாள் என்றேன். ‘உங்க பஜனம் முடிஞ்சுதா?’ என்றாள். முடிந்தது என்றேன். ஒரு பெருமூச்சு கேட்டது. ‘அப்ப சொல்லலாம். அண்ணன் போயாச்சு, தம்பி. இன்னைக்கு மூணாம் நாள்.’

மறுநாள் காலையில் பூவாருக்குப் போனேன். வீட்டுத் தோட்டத்திலேயே தகனம் முடிந்து, அந்த மண்ணின்மேல் தென்னம்பிள்ளை நட்டிருந்தார்கள். உடன்பிறந்தவன் போட வேண்டிய வாய்க்கரிசியைப் பக்கத்து வீட்டுப் படகுக்காரர் போட்டிருந்தார். கேட்டவர்களிடமெல்லாம், தம்பிக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளையை விட்டு வர முடியாது என்று மைனி சொல்லியிருக்கிறாள். என்னைப் பழிக்க அங்கே ஒருவர்கூட இல்லை. யாராவது என் சட்டையைப் பிடித்து அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் கட்டில் கிடந்த அறையில் மைனி தரையில் உட்கார்ந்திருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்தேன். தவறு செய்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பேசத் தொடங்கிவிட்டாள்.

‘அவரு ரெண்டு நாளா மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தாரு’ என்றாள் மைனி. ‘டாக்டரு வந்து பாத்துட்டு, இது எதுக்காகத்தான் நிக்குதோன்னு சொல்லிட்டுப் போனாரு. கண்ணு ரெண்டும் உள்ள போயாச்சு. வலி தாங்க முடியாம பல்லைக் கடிப்பாரு. அதுக்கு நடுவுல என் கையைப் பிடிச்சு, அவனுக்கு முடிஞ்சுதா, அவனுக்கு முடிஞ்சுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. எனக்கு அதைப் பாக்க முடியல்ல, தம்பி.’

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

‘கடைசி நாள் காலைல நான் ஒரு பொய் சொன்னேன். உங்க தம்பி இப்பதான் விளிச்சாரு, எல்லாம் முடிஞ்சாச்சு, பிள்ளை கண்ணு திறந்தாச்சு, அண்ணனைப் பாக்க பஸ் ஏறியாச்சுன்னு சொன்னேன். அப்பிடியான்னாரு. பிறவு வாசலைப் பாத்தபடியே கைய விட்டாரு.’

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் அதை மெதுவாக விலக்கி எழுந்து, எனக்குக் கட்டஞ்சாயா போட அடுக்களைக்குள் போனாள்.